இசக்கிச்செல்வி கம்ப்யூட்டருக்குப் போட்ட கட்டு

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஞானதீபம் அண்ட் கோ என்று ஓர் அலுவலகம். கப்பலில் ஏறும் கண்டெய்னர்களுக்குக் கணக்கு எழுதுவது அவர்கள் தொழில். அங்கே எட்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், விட்டுப் போகும்போது கம்ப்யூட்டருக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள் என்று எதிர்த்த டீக்கடையில் பேச்சு. பேயை ஓர் எல்லைக்குள் நிறுத்தக் கட்டுவார்களே, அந்தக் கட்டு.

“சனிக்கிழம அவளுக்கு மாலை போட்டு அனுப்புதாவ. திங்கக்கிழம காலைல மிஷின் நின்னு போச்சு. பேரு என்ன? இசக்கி. இதுக்கு மேல என்னத்த வே சொல்லணும்?” என்றார் டீக்கடை தங்கப்பாண்டி. துடியான அம்மன் பெயர் அது; அதைச் சொன்னதிலேயே அவர் தரப்பு வாதம் முடிந்துவிட்டது.

டீக்கடைச் செய்தியை அப்படியே அச்சில் ஏற்றுவது முறையில்லை என்பதால் விசாரிக்க வேண்டியதாயிற்று. மாலை போட்டது உண்மை. சம்பங்கி மாலை. மிஷின் நின்றதும் உண்மை. கட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் விவரம் இருக்கிறது.

இசக்கிச்செல்விக்கு ஏரல் பக்கம் ஊர். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயல். பி.காம் முடித்துவிட்டு டைப் அடிக்க வந்தவள். வந்த இரண்டாம் மாதம், வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று ஞானதீபத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. கூடவே ஒரு புரோகிராமையும் கொடுத்து, தினசரிக் கணக்கு அதன் வழியாகத்தான் வர வேண்டும் என்றது. அந்தப் புரோகிராம் யுனிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் பிறந்து வளர்ந்தது. அலுவலகத்தில் இருந்ததோ விண்டோஸ். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டதற்கு முதலாளி ஞானதீபம், “இருக்கதுலயே ஓட்டப் பாருங்க” என்றார்.

அப்படி வந்ததுதான் சிக்வின். விண்டோஸ் வீட்டு மாடியில் யுனிக்ஸைக் குடிவைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வீடு விண்டோஸுடையது, கரண்டு மீட்டர் விண்டோஸுடையது. மாடிக்காரர் மட்டும் தன் சொந்த வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தன் பாஷையில் பேசி, தன் முறைப்படி சமைத்துக்கொள்வார். பார்ப்பதற்கு ஒரு கறுப்பு சன்னல், அதில் வெள்ளை எழுத்து. அந்தச் சன்னலுக்கு முன்னால் உட்கார அலுவலகத்தில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லாததால் இசக்கிச்செல்வி உட்கார்ந்தாள். இணையத்தில் யாரோ எவருக்கோ சொன்ன பதில்களைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டாள். பாதி புரிந்தது. மீதி, புரியாமலே வேலை செய்தது.

எட்டு வருடம் கழித்து சாகுபுரத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இடம் கிடைத்தது. சம்பளம் கூடுதல், ஊரிலிருந்து பக்கம், பி.எஃப். உண்டு. இங்கே விட்ட சனிக்கிழமையிலிருந்து இரண்டாவது திங்கட்கிழமை சேர வேண்டும்; கையில் பழைய அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வந்தால் வாசலோடு போக வேண்டியதுதான் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இடையில் ஒரு வாரம் ஓய்வெடுக்கலாம் என்று இவள் நினைத்திருந்தாள். மாலை போட்ட அன்று ஞானதீபம் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பியதால், கையெழுத்தைத் திங்கட்கிழமை போடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை மிஷின் நின்றது.

“மிஷின் ஓடட்டும்மா. லெட்டர் எங்க போவப் போவுது” என்றார் ஞானதீபம் போனில்.

இசக்கிச்செல்வியின் நாற்காலிக்கு வந்திருந்தவள் ஈவாஞ்சலின். ஞானதீபத்தின் மனைவிக்குத் தங்கை மகள், எம்.சி.ஏ. வந்த முதல் நாளே கறுப்பு சன்னல் திறந்தது; கேட்ட பட்டியலைத் தந்தது; கம்பெனி கொடுத்த புரோகிராமைக் கூப்பிட்டதும் ஏழெட்டு வரி ஆங்கிலத்தில் புலம்பிவிட்டுச் செத்தது. ஏரலில் இருந்த இசக்கிச்செல்விக்குப் போன் போட்டாள்.

“அக்கா, என்னமோ நீளமா எழுதி வருது. வாசிக்கட்டா?”

“வேண்டாம் ஈவா. அது எப்பவும் அப்படித்தான் பொலம்பும். க்ளோஸ் பண்ணிட்டுத் திரும்ப ஓட்டு.”

திரும்ப ஓட்டினாள். திரும்பப் புலம்பியது. மறுபடியும் வாசிக்கட்டுமா என்று கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றாள் இசக்கிச்செல்வி. எட்டு வருடம் ஒருவருடன் குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அதன் பிறகு மூன்று நாட்கள் ஏரலிலிருந்து போனிலேயே வைத்தியம் நடந்தது. வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார்கள். சிக்வினின் கோப்புகளை நினைவகத்தில் இடம் மாற்றி உட்கார வைக்கும் வேலை ஒன்று உண்டு, அதைச் செய்யச் சொன்னாள், செய்தார்கள். ஈவாஞ்சலின் ஏதாவது கோப்பை நோட்பேடில் திறந்து சேமித்தாளா என்று சந்தேகப்பட்டாள். அவள் அழுகிற குரலில் இல்லை என்றாள். வாட்ஸப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். வந்த படத்தில் டியூப்லைட் வெளிச்சம் பளிச்சென்று விழுந்து, முக்கியமான வரி எதுவோ அதை மட்டும் மறைத்திருந்தது.

அலுவலகங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செந்தில்வேல் வந்தான். அவனிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்.

“ஃபார்மட் அடிச்சிருவோம் சார். சனிக்கிழம வாரேன். புதுசு மாதிரி ஆயிரும்.”

ஆகும். வெளிநாட்டுக் கம்பெனி புரோகிராமைத் திரும்பப் போட எதுவும் கையில் இல்லை என்பதால் ஒப்பந்தமும் புதுசு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கடிதமாவது கையெழுத்தாவது. வெள்ளிக்கிழமை காலையில் இசக்கிச்செல்வி தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

டீக்கடையைத் தாண்டும்போது பேச்சு நின்றது. தங்கப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அண்ணாச்சி, கட்டு போட்டவளுக்கு ஒரு டீ கிடைக்குமா?” என்றாள்.

“சீ, என்னம்மா இது, ஊருல நாலு பேரு நாலு பேசுவான்” என்று சொல்லிக்கொண்டே டீயை நீட்டினார். காசை மட்டும் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னார்.

அலுவலக வாசலிலேயே மேலாளர் தஸ்நேவிஸ் மச்சாது நின்றிருந்தார். மணப்பாட்டுக்காரர். இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்துவிட்டுக் கரையேறியவர். கரையேறினாலும் கை கரையேறவில்லை. போன வருடம் பிரிண்டர் கீச்சென்று சத்தம் போடுகிறது என்று அதன் உருளைகளுக்கு நல்ல கப்பல் எண்ணெயாகப் பார்த்துப் போட்டார். ஒரு வாரத்துக்கு வந்த பில்கள் எல்லாம் பஜ்ஜி சுற்றிய காகிதம் மாதிரி இருந்தன. அன்று ஞானதீபம், “இனிமே ஒரு மிஷின்ல நீரு கை வச்சீரு, மணப்பாட்டு பஸ்ல ஏத்தி விட்டுருவேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். தஸ்நேவிஸுக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“வந்திட்டியா ஏளா. நீ வந்தா அது சரியாயிரும்” என்றார். நெற்றி வியர்த்திருந்தது. தூத்துக்குடியில் வியர்வையை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது.

இசக்கிச்செல்வி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, போனில் சொன்ன அத்தனையையும் தானே ஒரு முறை செய்து பார்த்தாள். புலம்பல் வந்தது. மூடினாள். வந்தது. மூடினாள். கண்ணாடி அறைக்குள் ஞானதீபம் கடிதத்தை மேசை மேல் வைத்து, அதன் மேல் பேனாவை மூடி கழற்றாமல் வைத்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரமும் போயிற்று.

“அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியளே?” என்றாள் ஈவாஞ்சலின்.

“சொல்லு.”

“அதுலயே எழுதியிருக்குக்கா. ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கு, ரெண்டும் வேற வேற வெர்ஷன், தேடிப் பார்த்துப் பழச அழிங்கன்னு. திங்கக்கிழமையே வாசிச்சேன். நீங்கதான் க்ளோஸ் பண்ணுன்னு சொன்னிய.”

இசக்கிச்செல்வி முதன்முறையாக அந்த ஏழெட்டு வரியைக் கடைசி வரை படித்தாள். கம்ப்யூட்டர் ஐந்து நாளாக, கையைப் பிடித்து அழாத குறையாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

சிக்வினுக்கு உயிர் ஒரு கோப்பில் இருக்கிறது. மாடியில் நடக்கிற எல்லா வேலைக்கும் அதுதான் மேஸ்திரி. ஒரே சரக்குக்கு இரண்டு மேஸ்திரி நின்று, ஒருவர் இந்த வருடக் கணக்கும் இன்னொருவர் எட்டு வருடத்துக்கு முந்தைய கணக்கும் சொன்னால் கூலியாட்கள் மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே நடந்ததும் அது. கறுப்பு சன்னல் தன் வீட்டு மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டு நன்றாகவே இருந்தது. கம்பெனி புரோகிராம் குடியிருந்தது வேறு ஃபோல்டர். அது மேஸ்திரியைத் தேடிப் போகும் வழியில், விண்டோஸின் சொந்த ஃபோல்டரில் பழைய மேஸ்திரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

தேடினாள். இருந்தது. வந்து சேர்ந்த தேதி, சனிக்கிழமை. மாலை போட்ட சாயங்காலம்.

“இதை இங்கன யாரு கொண்டாந்து வச்சா?” என்றாள் மெதுவாக.

பின்னால் தஸ்நேவிஸ் தொண்டையைச் செருமினார்.

“ஸ்பேரு ஏளா.”

“என்னது?”

“ஸ்பேரு. ஒரு நாள் நீதான சொன்ன, அண்ணே, இந்த ஒரு ஃபைல் போச்சுன்னா மொத்தமும் போச்சுன்னு. நீயும் போற. நாள பின்ன அது கெட்டுப் போச்சுன்னா இந்தப் பிள்ள என்ன செய்யும்? கப்பல்ல ஸ்பேர் இல்லாம கரைய விட்டுக் கிளம்புவானா எவனாவது? ஸ்டோர்ல நீ முதல்ல ஓட்டுன பழைய கம்ப்யூட்டர் கிடந்துச்சா, அதுல இருந்து பென்டிரைவுல எடுத்தேன்.”

“எடுத்தா பென்டிரைவுலயே வச்சிருக்க வேண்டியதுதான?”

தஸ்நேவிஸ் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “இன்ஜின் ஸ்பேர இன்ஜின் ரூம்லதான் வைப்பாவ. ஆபத்துக்கு ஓடிப் போயி எங்கனயோ தேடிட்டுக் கிடக்கவா?”

கடலில் அது சரி. அவரைக் காப்பாற்றிய பழக்கம்தான். வங்காள விரிகுடா நடுவில் ஒரு முறை இன்ஜின் நின்றபோது கையெட்டும் தூரத்தில் மாட்டியிருந்த உதிரியால்தான் கரை பார்த்தார் என்று அவரே நாற்பது முறை சொல்லியிருக்கிறார். கப்பலில் இரண்டு பம்பு இருந்தால் ஒன்று சும்மா இருக்கும். கம்ப்யூட்டரில் சும்மா இருக்கத் தெரிந்தது எதுவும் இல்லை.

இசக்கிச்செல்வி பழைய கோப்பை அழித்தாள். புரோகிராமைக் கூப்பிட்டாள். ஒரு முனகலும் இல்லாமல் ஐந்து நாள் கணக்கும் வரிசையாக ஓடியது. ஈவாஞ்சலின் கைதட்டினாள். அந்தச் சத்தத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது.

“ஓடிட்டா? என்ன விஷயம்?” என்றார் ஞானதீபம்.

“ஒரு ஃபைல் ரெண்டு இருந்துச்சு சார். ஒண்ண எடுத்தாச்சு.”

“ரெண்டாவத யாரு வச்சது?”

தஸ்நேவிஸ் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். ஈவாஞ்சலின் விசைப்பலகையைப் பார்த்தாள். பெயரைச் சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும். தஸ்நேவிஸ் இன்று சாயங்காலமே மணப்பாட்டு பஸ்ஸில் இருப்பார். சொல்லாவிட்டால் மேசையில் இருக்கும் கடிதம் என்ன ஆகுமோ.

“இந்த சீட்டுல எட்டு வருஷமா உக்காந்திருந்தது நான்தான சார்” என்றாள் இசக்கிச்செல்வி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தது அவள்தான். ஞானதீபம் தலையை மேலும் கீழும் ஆட்டினார். படித்த மனிதர், கட்டு கிட்டு என்பதில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் போனவள் வந்து உட்கார்ந்ததும் மிஷின் ஓடுகிறது என்பதற்கு, அவள் கைவேலை என்பதைத் தவிர அவரிடமும் வேறு விளக்கம் இல்லை. அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன், நன்னடத்தை பற்றிய வரியில் ‘மிக நன்று’ என்று இருந்ததில் ‘மிக’ என்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து ஒன்றும் போட்டார்.

திங்கட்கிழமை சாகுபுரத்தில் அந்த அடித்தலைத்தான் முதலில் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டதற்கு, “அவங்க பேனா எழுதுதான்னு பாத்தாங்க சார்” என்றாள். அதிகாரி சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அப்படி இல்லை; சேர்ந்த அன்றே நிரந்தரம்.

அதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஏரலுக்குப் பஸ் ஏறும்போது தஸ்நேவிஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

“இந்த கிறிஸ்துமஸ் போனஸ் மட்டும் கைக்கு வந்திரட்டும் தாயி. மறுநாளே ஐயாட்ட சொல்லிருதேன், அது நான் வச்ச ஸ்பேருன்னு. டீக்கடையிலயும் சொல்லிருதேன். மாதா மேல ஆணை.”

“ஐயாட்ட சொல்லண்டாம் அண்ணே. தங்கப்பாண்டி அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வாக்கியம்.”

“சொல்லிருதேன்.”

கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. போனஸ் கொடுத்தார்கள். டீக்கடையில் இன்றைக்கும் கேட்டால், கட்டியவளே வந்து அவிழ்த்தாள் என்பது முடிவான செய்தி; தங்கப்பாண்டி அதற்கு நேரில் கண்ட சாட்சி. அங்கே தினமும் இரண்டு வேளை டீ குடிக்கும் தஸ்நேவிஸ், அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து விடுகிறார்.

சாகுபுரத்துக்கு மட்டும் மாதம் தவறாமல் திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் வருகிறது. நெத்திலிக் கருவாடு, சில மாதம் சாளை. சீட்டு, சேதி எதுவும் இருக்காது. இசக்கிச்செல்வி வாங்கிக்கொள்கிறாள். ஒரு நாள் தஸ்நேவிஸிடம் போனில், “வட்டி வந்திட்டு அண்ணே. முதல் எப்ப?” என்று கேட்டாள். அவர், “கருவாடு நல்லாருந்துச்சா?” என்று கேட்டார்.