நாலு சங்கு, நாலு சொட்டு

அத்தையின் வலக்கண்ணில் புரை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, சொட்டு மருந்து பாட்டில் என் கையில்தான் இருந்தது. மூன்றாம் நாள் அது என் கையைவிட்டுப் போயிற்று. போன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பமாக இருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அத்தை என்று நான் சொல்வது மாமியாரை. அவருடைய பெரிய மருமகளை, என் ஓரகத்தியை, அக்கா என்பேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. படிப்பும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் இருந்தன. இருந்தும் பொறாமைப்பட்டவள் நான்தான். என் தோளில் வீறிட்டு அழும் குழந்தை அவள் இடுப்புக்குப் போனதும் அடங்கிவிடும். அத்தைக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் "பெரியவளே" என்றுதான் குரல் வரும்.

அதனால்தான், பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்சம்மா "உங்கள்ல படிச்சவங்க யாரும்மா?" என்று கேட்டபோது நான் அவ்வளவு வேகமாக முன்னால் போய் நின்றேன். நர்சம்மா ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாட்டிலைத் தொட வேண்டும். கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தக் குழிக்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணிலோ இமை முடியிலோ படவே கூடாது. பிறகு கண்ணை மூடச் சொல்லி மூக்கோரத்தில் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். முதல் வாரம் நாளுக்கு நாலு, அடுத்த வாரம் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, அதோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். "நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா நீட்டவும் கூடாது" என்றார். வலித்தாலோ, சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அன்றைக்கே வரச் சொன்னார். எல்லாம் சீட்டிலும் எழுதியிருந்தது. ரயிலில் வரும்போது அதை நாலு தடவை படித்தேன்.

முதல் இரண்டு நாள் நான்தான் விட்டேன். வீட்டுக் கடிகாரம் நின்று மாதக்கணக்கானது. கம்பெனிச் சங்குதான் எங்கள் தெருவுக்கே நேரம். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, மறுபடி எட்டு. சங்கு ஊதியதும் அத்தையை அண்ணாந்து படுக்க வைப்பேன். முனை பட்டுவிடுமோ என்ற பயத்தில் என் கை நடுங்கும். ஒரு சொட்டு கன்னத்தில் விழும், அடுத்தது மூக்கில் விழும்.

மூன்றாம் நாள் பகலில் கண் உறுத்துகிறது என்றார் அத்தை.

"சின்னவளே, கொஞ்சம் தாய்ப்பால் பீச்சி வுடுமே. குளுகுளுன்னு இருக்கும். பால் குடுக்கறவ ஊட்லயே இருக்க சொல்ல நான் எங்க போய் கேக்கறது?"

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். கண் சிவந்தால் பிள்ளை பெற்றவளிடம் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். நானே இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

"வேணாம் அத்த. அறுத்த கண்ணு. மருந்தத் தவிர வேற எதுவும் வுடக்கூடாது."

"பாலு இன்னா வெஷமாமே? புள்ளைக்கு ஊட்டுறதுதானே?"

"புள்ளைக்கு வயித்துக்குள்ள போவுது அத்த. இது தையல் போட்ட கண்ணு."

"ஒரு சொட்டுக்கு மனசு வரல பாரு இவளுக்கு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. நான் பாட்டிலை எடுத்தேன். "நீ வெச்சிடு. உன் கை நடுங்குது. பெரியவளே, நீ வந்து வுடு."

அக்கா முற்றத்தில் கை கழுவிக்கொண்டு வந்தாள். இமையை இழுத்தாள். ஒரே சொட்டு, சரியாகக் குழிக்குள் விழுந்தது. "பூ வுழுந்தா மாதிரி கீது" என்றார் அத்தை.

"எத்தினி தபா போடணும்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"சங்குக்கு ஒண்ணுக்கா. நாலு சங்கு, நாலு சொட்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்று எனக்குத் தெரியும். சீட்டை என் டிரங்குப் பெட்டியில் பள்ளிச் சான்றிதழுக்குள் மடித்து வைத்தேன். மீதி தெரிய வேண்டுமென்றால் அவர்களே வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன்.

வாரம் திரும்பியது. மூன்றாகக் குறைக்க வேண்டிய நாளில் நான் அடுப்படியில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனையை இமையில் இடிக்க மாட்டாளா, கை கழுவ மறக்க மாட்டாளா என்று பார்த்தேன். மறக்கவில்லை. நான் செய்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகச் செய்தாள். மூக்கோரத்தில் அழுத்திக்கொண்டே அத்தையிடம் தெருக்கதை பேசுவாள். இருவரும் சிரிப்பார்கள். குழந்தையும் அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கும்.

மூன்றாம் வாரம் முடியப்போகும்போதுதான் வாயைத் திறந்தேன். "அக்கா, இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு போட்டா போதும்."

அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு பாலு இல்லன்னா. இன்னிக்கு மருந்தும் இல்லையாமா? என் கண்ணு குளுந்து கெடக்கறது பொறுக்கலையா இவளுக்கு?"

அக்கா குழம்பினாள். "நீதானே சங்குக்கு ஒண்ணுன்னு சொன்ன?"

பெட்டியைத் திறந்து சீட்டைக் காட்டியிருக்கலாம். "உங்க இஷ்டம்" என்று உள்ளே போனேன். போய் நின்றுகொண்டு என்னையே கேட்டேன்: கண்ணுக்காகச் சொன்னேனா, பாட்டிலைப் பிடுங்குவதற்காகச் சொன்னேனா? பதில் தெரியவில்லை. தெரியாதபோது பேசக்கூடாது என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மருந்து தீர்ந்தது. அக்காவின் கணவர் காலி பாட்டிலை மருந்துக்கடையில் காட்டி இன்னொன்று வாங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளும் வந்து போனது. "நல்லாத்தான கீது, எதுக்கு ரயிலேறிக்கினு?" என்றார் அத்தை. சீட்டு என் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஆறாவது வாரம், விளக்கு வைக்கும் நேரம். அத்தை பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்பச் சுத்தி கலர் கலரா வளையம் தெரியுதே பெரியவளே. நெத்தி வேற கல்லு வெச்சா மாதிரி கனக்குது."

"ஊட்ல இருந்தே திருவிழா பாக்குற அத்த" என்று அக்கா சிரித்தாள்.

நான் உள்ளே ஓடினேன். பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தேன். விளக்கைச் சுற்றி வளையம் என்ற வரி அதில் அப்படியே இருந்தது. என் கணவர் வேலை முடிந்து வந்ததும் காட்டினேன். அதன்பின் வண்டி இல்லை. காலை முதல் பாசஞ்சரில் அத்தை, அக்கா, நான் மூவரும் குழந்தையுமாகப் பட்டணம் போனோம்.

டாக்டர் அத்தையின் கண்ணில் ஏதோ கருவியை வைத்து அளந்தார். இரண்டாம் முறை அளந்தார். பிறகுதான் பேசினார்.

"ஒரு மாசத்துல நிறுத்த வேண்டியத இன்னும் நாலு வேளையும் விட்டுக்கிட்டிருக்கீங்க. இது குளிர்ச்சிக்கு ஊத்துற மருந்து இல்ல, வீக்கத்த அடக்குற மருந்து. நாள் தாண்டினா சில பேருக்கு கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும். நரம்பு கெட்டா பார்வை திரும்பாது. யார் போட்டது?"

"நாந்தாங்க" என்றாள் அக்கா. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சங்குக்கு ஒண்ணு போட்டேன். தப்பு என்னுதுதான்."

ஒருநாளும் நடுங்காத அந்தக் கை நடுங்கியது. சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்குள் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் வந்தது. அதற்குள் அத்தை, "அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார், தங்கமான பொண்ணு" என்றார். பார்வை போகலாம் என்று கேட்ட பிறகும் அவளுக்காகத்தான் பேசினார்.

"அவங்க மேல தப்பு இல்ல சார்" என்றேன். "சீட்டு எங்கிட்ட இருந்தது. குறைக்கணும்னு எனக்குத் தெரியும். நான் சரியா சொல்லல."

"ஏன் சொல்லல?"

நான் சீட்டை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தேன்.

இன்னும் நரம்பு கெடவில்லை, நல்லவேளை வந்தீர்கள் என்றார். அழுத்தம் இறங்க மாத்திரையும் வேறொரு சொட்டு மருந்தும் தந்தார். பழையதை எப்படிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்று புதிதாக எழுதினார். இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும், வாரம் ஒருமுறை வந்து அளக்க வேண்டும் என்றார்.

திரும்பும்போது அத்தை ஜன்னலோரம் கண் அயர்ந்துவிட்டார். வண்டி பொன்னேரி தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"டாக்டரு கேட்டதையே நானும் கேக்கறேன். ஏன்மே சொல்லல?"

"பொறாமக்கா."

"எம்மேலயா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்கிட்ட இன்னா கீதுன்னு பொறாம?"

என் குழந்தை அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் என்னிடம் சொல்ல ஒன்று இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவள் அதைச் சொல்லவில்லை. "இனிமே காலையிலயே சொல்லிடு, இன்னிக்கு எத்தினி சங்குன்னு. இந்த பேஜாரெல்லாம் வேணாம்" என்றாள்.

அப்படியே செய்தோம். ஒவ்வொரு காலையும் சீட்டைப் பார்த்து, "இன்னிக்கு ரெண்டு சங்கு, எட்டும் எட்டும்" என்பேன். அவள் விடுவாள். நான் பக்கத்தில் நின்று ஐந்து நிமிஷம் எண்ணுவேன். அந்த ஐந்து நிமிஷமும் அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்வார்கள். நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பும் என்று நான் சும்மா நிற்பேன்.

வளையம் போயிற்று. இரண்டு மருந்தையும் டாக்டர் நிறுத்தச் சொன்ன மறுநாள் காலை, பழைய பாட்டிலில் மீதி இருந்ததைச் சாம்பலில் கொட்டினேன். யாருக்காவது கண் சிவந்தால் அதைத் தேடுவார்கள் என்று எனக்குப் பயம்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. அத்தை பழக்கத்தில் அண்ணாந்து, முகத்தை அக்கா இருந்த பக்கம் திருப்பினார்.

"இன்னிக்குக் கிடையாது அத்த. நின்னுபோச்சு" என்றேன்.

ஏன் என்று கேட்பார், அக்காவைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அத்தை தலையை இறக்கிக்கொண்டார்.

"சரிமே, நீ சொன்னா சரி" என்றார். முகம் மட்டும் இன்னும் அக்கா பக்கமே இருந்தது.