வானொலிக்கு நான் சொன்ன சரியான விடை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவதாக வீட்டில் ஒரு புகார் உண்டு. விடை தெரிந்தால் முதலில் கையைத் தூக்கும் பழக்கம் எனக்குத் தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதனால் வந்த வினைதான் இது.

அப்போது சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பள்ளி விடுமுறை. ஏதோ ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொல்லிப் பெரியப்பா வானொலியில் ரைஸ் குக்கர் வென்றிருந்தார். அன்றிலிருந்து, வானொலி கேள்வி கேட்பதே பரிசு கொடுக்கத்தான் என்று நம்பினேன். கேள்வி வந்தால் தொலைபேசியருகே போய் நிற்பேன். விடைதான் தெரியாது.

அன்று பாட்டு குறைவு. பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள்ளேயே அடிப்பதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் அம்மா பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அறிவிப்பாளர் கேட்டார்: "உங்க பக்கத்து வீட்டுல யாராவது அடி வாங்குற சத்தம் கேட்டிருக்கீங்களா? கூப்பிட்டுச் சொல்லுங்க."

இது எனக்குத் தெரியும்! சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்காவும் கைக்குழந்தையும். அவர் கணவர் சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த சற்று நேரத்தில் அந்தச் சத்தம் தொடங்கும். அப்பா உடனே தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

லைன் கிடைத்தது. வகுப்பில் போல நிமிர்ந்து நின்று சொன்னேன்: "கேட்டிருக்கேன். அங்கிள் அக்காவ பெல்ட்டால அடிப்பாரு. குழந்தையும் அழும். சரியா?"

அறிவிப்பாளர் குரலைத் தணித்துக்கொண்டு, "ரொம்பச் சரிம்மா. வச்சிடாதீங்க, லைன்லயே இருங்க," என்றார். உடனே ஒரு பாட்டு. வென்றுவிட்டேன்!

சமையலறை வானொலியில் என் குரலைக் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"அலமாக்! என்னடி பண்ணி வச்சிருக்க? அடுத்தவங்க குடும்ப விஷயம்லா! அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"வச்சிடாதம்மா, பரிசுக்கு அட்ரஸ் கேப்பாங்க!"

தொலைபேசியைப் பிடுங்கிய அம்மா வைக்கப் போனார். அதற்குள் லைனில் ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரகசியம் போல, எங்கள் வீட்டு எண்ணைச் சொல்லாமல் பக்கத்து வீட்டு எண்ணைச் சொன்னார். என் பரிசு கண்ணெதிரே கைமாறியது.

பிற்பகலில் ஒரு காரில் இரண்டு பெண்களும் ஒரு பெண் போலீஸும் வந்தார்கள். கையில் பெட்டி எதுவும் இல்லை. பெரிய சாமானாக இருக்கும், பின்னால் லாரியில் வரும் என்று நினைத்தேன். அம்மா நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழே எட்டிப் பார்த்தார். "சீக்கிரம் கெளம்பும்மா, அவன் வர்ற நேரம்," என்று அக்கா வீட்டுக் கதவருகே போய்ச் சொன்னார். அதுவரை அந்தக் கதவை அவர் ஒருமுறையும் தட்டியதில்லை.

அக்கா குழந்தையோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் முறைத்தேன்.

"உங்களுக்கு என்னக்கா கெடச்சிச்சு?"

அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியலம்மா. இன்னிக்கி ராத்திரி தூக்கம் கெடைக்கும்னு நெனைக்கிறேன்."

தூக்கமெல்லாம் ஒரு பரிசா? எனக்கு அது தினமும் சும்மாவே கிடைத்துக்கொண்டிருந்தது. அக்காவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.