மூன்று நிமிடம் நாற்பது விநாடி

என் பெரியம்மா மகள், அதாவது எனக்கு அக்கா, வெந்நீர் ஹீட்டர் நிறுவனமொன்றின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். மற்ற நேரமெல்லாம் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதாரும் தானே வாசித்து, போன வருஷம் ஒரே ஒரு பாட்டை இணையத்தில் வெளியிட்டாள். பதிவு நடந்தது துணி அலமாரிக்குள். கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். முதல் மாதம் அந்தப் பாட்டு அறுபத்திரண்டு முறை கேட்கப்பட்டிருந்தது. அதில் நாற்பது நான். எண்ணிக்கை ஏறாவிட்டால் இவள் உடைந்துபோவாளோ என்று எனக்குத்தான் பயம்.

அவளுக்குக் கவலை வேறு. பாட்டின் உயிர் கடைசிச் சரணத்தில் இருந்தது. வீட்டைவிட்டுப் போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிற பெண், அங்கேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறாள். எட்டு வரி, எட்டு மாத உழைப்பு. முன்பின் தெரியாத யாராவது ஒருவர் அதுவரை கேட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பாட்டு கிடையாது, கிதாரைப் பரண்மேல் போட்டுவிடுவேன் என்றாள். போட்டாலும் போடுவாள்.

அந்த நேரம் பார்த்து, காத்திருப்பவர்களுக்காக அலுவலக போனில் ஒலிக்கும் இசையின் உரிமம் முடிந்துபோனது. பக்கத்து மேஜைக்காரி போட்டுக்கொடுக்க, மேலாளர் அக்காவின் பாட்டை ஏற்றிவிட்டார். ஒரே நாளில் ஆயிரம் பேர் கேட்டார்கள். அத்தனை பேரும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர்கள். பாடுகிறவளையே ஹீட்டர் பழுதுபார்க்க அனுப்புங்கள் என்றார் ஒருவர். இந்தப் பாட்டுக்குக் குளிரே தேவலை என்றார் ஓர் அம்மாள். அக்கா எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டாள். பாடியது தான்தான் என்று மூச்சுவிடவில்லை.

வில்லங்கம் வேறிடத்தில் இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் போனை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பாட்டோ மூன்று நிமிடம் நாற்பது விநாடி. கடைசிச் சரணம் தொடங்கும் முன்பே யாராவது எடுத்துவிடுவார்கள். எல்லாரையும்விட வேகமாக எடுப்பவள் அக்கா. அதற்கு மாதாமாதம் பாராட்டுச் சான்றிதழ் வேறு. தன் பாட்டின் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெரியவர் நான்காவது தடவையாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அதுக்குள்ள எடுத்துட்டியே," என்றார்.

ஹீட்டர் எந்த வருஷம் வாங்கியது என்று இவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஹீட்டர் கெடக்கட்டும்மா. அந்தப் பொண்ணு போறாளா இல்லையா? ஒவ்வொரு தடவையும் சரியா அந்த இடத்துல வெட்டி விட்டுடுறீங்க. என்னத் திரும்பக் காத்திருக்கப் போடு."

திரும்பப் போட்டால் பாட்டு முதலிலிருந்து வரும். மூன்று நிமிடத்தில் வேறொருத்தி எடுத்துவிடுவாள். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். மைக்கைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு, அந்த எட்டு வரிகளையும் அடிக்குரலில் பாடினாள். பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"உக்காந்துட்டாளா," என்றார் பெரியவர். "நல்லவேளை. எங்க வீட்ல ஒருத்தி உக்காரல." கொஞ்சம் இருமினார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ரெண்டாவது சரணம் மட்டும் இழுவை."

அடுத்து அவள் கேட்க வேண்டியது ஹீட்டரின் வரிசை எண். அக்கா பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"எந்த வரியில சார் இழுக்குது?"