பட்டாசு அக்காவின் ஒன்பது விரல்கள்

எங்கள் அச்சுக்கடையில் டைப் அடிக்கும் அக்காவைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவோம். அவள் கீபோர்டைத் தொட்டால் தெருக்கோடி நாய் எழுந்து குரைக்கும். அப்பேர்ப்பட்டவளின் வலது சுண்டுவிரல் கடை ஷட்டரில் நசுங்கி, கட்டோடு கத்தரிக்காய் மாதிரி நின்றது. கீபோர்டில் இங்கிலீஷ் 'பி' (P) எழுத்தும் என்டரும் அந்த விரலின் பொறுப்பு. 'பி' அடித்தால்தான் 'ப' வரும். 'ப' இல்லாமல் தமிழில் பசிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாதே!

முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னைக்குள்ள இந்தப் புஸ்தகம் முடியணும். இல்லன்னா நாளைக்கு அந்த நாற்காலில வேற ஆளு."

அக்காவுக்கு வேலையில்லாத புருஷன், இரண்டு பிள்ளைகள். அந்த நாற்காலிதான் அந்த வீட்டுச் சோறு.

கீக்களை இடம் மாற்றும் சாப்ட்வேர் இரண்டை இறக்கினாள். முதலாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் தமிழ் டைப்பிங் சாப்ட்வேரும் சொத்துத் தகராறுப் பங்காளிகள் போல மோதிக்கொண்டன. ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து விழுந்தது. இரண்டாவது, கம்ப்யூட்டரின் அடிமடியிலேயே மாற்றத்தை எழுதிவைக்கும். ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

"இதுதான் நம்ம ஆளு" என்று, 'பி'யையும் இடக்கைப் பக்கம் சும்மா கிடந்த 'க்யூ'வையும் இடம் மாற்றினாள். கேப்ஸ் லாக்கை என்டர் ஆக்கினாள். அணைத்துப் போட்டாள்.

கம்ப்யூட்டர் மறுபடி திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. அது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் அடிக்கும்போது நாங்களெல்லாம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நின்றோம். அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தப்பு. மனிதர் முகம் மைதா மாவாகிவிட்டது.

"அடிப்பாவி! பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஐயோ அண்ணே, எனக்கு அது தெரியவே தெரியாதே! எப்படி மாத்துவேன்?"

"என் கடையே உள்ள மாட்டிக்கிச்சே!" என்று நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். புஸ்தகங்களுக்கு அட்டை ஒட்டும் நான் தாங்கிப் பிடிக்காவிட்டால் பூமி பிளந்திருக்கும்.

பட்டாசும் நமுத்துப்போய் நின்றாள். கீபோர்டையே வெறித்தவள் திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"அண்ணே! நான் மாத்துனது பாஸ்வேர்டு கேக்குற வாசல்லயே வேலை செய்யுது! உங்க பாஸ்வேர்டுல 'பி' இருக்கா?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். இருந்தா அதுக்குப் பதிலா 'க்யூ' அடிங்க."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "மூணு இருக்கு."

"மூணா! அண்ணி செல்லமா கூப்பிடுற பேரா முதலாளி?" என்றேன் நான்.

"டேய், சுவரப் பாருடா!"

பார்த்தோம். திறந்துகொண்டது. முதலாளி கீபோர்டின் மேல் குனிந்து 'பி'யையும் 'க்யூ'வையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நாளைக்கு வேற ஆளு வருதா?"

"வேற ஆளா? இந்தக் கீபோர்டுல இனிமே உன்னத் தவிர எவ அடிப்பா!"

"அப்ப தள்ளுங்கண்ணே, வெளிச்சத்த மறைக்கிறீங்க."