மச்சாள் மேல் கால் வைத்த கதை

ஜூடோக்காரிக்கு நிலத்தில் புரளுவது என்றால் ஒரு இளக்காரம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. வட்டுக்கோட்டைப் பக்கம் படித்த காலத்தில் இருந்து ஜூடோ செய்கிறவள் நான். எதிராளியின் உடுப்பைப் பிடித்து, ஆளைச் சாய்த்து, இடுப்பில் ஏற்றி முதுகு பட அடித்துப் போட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் ‘படார்’ சத்தத்தைக் கேட்கவே பிறந்தவள் என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

போன வருஷம் அப்படி ஒரு எறிவின் நடுவில் என் வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஒப்பரேஷன் செய்த டொக்டர், நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், ஆனால் ஒற்றைக்காலில் நின்று ஆளைத் தூக்கித் திரும்புகிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மானிப்பாயில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் நாங்கள் பெண்கள் கொஞ்சப் பேர் கூடிப் பயிற்சி செய்வோம். ஒப்பரேஷனுக்குப் பிறகும் நான் அங்கே போனேன். கதிரையில் இருந்து மற்றவர்களுக்கு நேரம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். இனி பயிற்சி மெத்தையில் இறங்கவே மாட்டேனோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவில் இருந்து மச்சாள் வந்து இறங்கினார். என் கணவரின் மூத்த அக்கா. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அங்கே பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகத் தொடங்கியவர். தங்கியிருந்தது உடுவிலில், பொழுது போனது எங்கள் குசினியில்.

“நிண்டு எறியத்தானே ஏலாது? நிலத்திலை இருந்து மல்லுக்கட்டும்,” என்றார், தேங்காய் துருவிக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாயிலை படுத்துக் கிடக்கிறதும் ஒரு விளையாட்டோ, மச்சாள்?”

“நீங்கள் எறிஞ்சவுடனை வெண்டிட்டம் எண்டு எழும்பிப் போயிடுவியள். எங்களுக்கு எறிஞ்ச பிறகுதான் வேலையே தொடங்கும்.”

அந்த வாரம் முழுக்க இதே வழக்குத்தான். விழுத்துவதில் ஜூடோவை ஒன்றும் அடிக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜியு-ஜிட்சுவில் விழுத்தினால் கிடைப்பது புள்ளிகள் மட்டும்தான்; அதனால் அதிலே பலர் அவ்வளவு மினக்கெடுவதில்லையாம். ஆனால் நிலத்துக்குப் போய்விட்டால் கதை வேறு. ஜூடோவில் நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுப்பிவிடுவார். அவர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. கழுத்தை நெரிப்பதும் முழங்கையைப் பூட்டுவதும் எங்களிடமும் உண்டு. அவர்கள் தோளையும் காலையும்கூட விடுவதில்லை. எதிராளி கையால் தட்டி ‘போதும், தோத்திட்டன்’ என்று காட்டும் வரை ஆறுதலாக இறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

“ரெண்டு பேரும் அடிபட்டு ஆஸ்பத்திரியிலை கிடந்தால் நான் ஆருக்கு முதல் சோறு கொண்டுவாறது?” என்று கேட்டார் என் கணவர்.

“அக்காவுக்கு,” என்றார் மச்சாள்.

டொக்டரிடம் கேட்டேன். நிலத்தில் என்றால் மெல்லச் செய்து பாருங்கள், முழங்காலைத் திருக விடாதீர்கள் என்றார். மறுக்க ஒரு சாட்டும் இல்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெத்தையில் இறங்கினேன். மச்சாள் என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். தான் முன்னால் முழங்காலில் இருந்தார்.

“நான் மேலை வாறன். என்ரை நெஞ்சிலை காலை வைச்சுத் தள்ளும்.”

வைத்தேன். வைத்ததுதான் தாமதம், பிடித்திருந்த அவருடைய உடுப்பை என் கை தானாகவே விட்டது. அவர் தோளைத் தொட்டு என் கண்ணில் ஒற்றியது. ஒருவர் மேல் கால் பட்டால் சின்ன வயதில் இருந்து அப்படித்தானே. இதிலே கணவரின் அக்கா வேறு. அந்த இடைவெளியில் மச்சாள் என் கையைப் பிடித்து நீட்டிப் பூட்டிவிட்டார். தட்டினேன். மறுபடி தொடங்கினோம். மறுபடி கால் பட்டது, கை கண்ணுக்குப் போனது, பூட்டு விழுந்தது. ஜூடோவிலும் காலால் வாரி விழுத்துகிறோம்தான், ஆனால் அது கணுக்காலோடு போய்விடும். நெஞ்சு வரைக்கும் ஏறாது. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சண்டை பிடிக்க வந்தனீரோ, கோயிலுக்கு வந்தனீரோ?” என்றார் மச்சாள்.

“நெஞ்சிலை கால் வைக்கச் சொன்னால் நான் என்ன செய்யிறது!” கத்தியே விட்டேன். “எனக்கு இது சரிவராது. எறியவும் ஏலாது, இதுவும் ஏலாது. நான் கதிரையிலையே இருக்கிறன், விடுங்கோ.”

மச்சாள் சிரிப்பதை நிறுத்தினார். என் முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். “சரி. இண்டைக்கு என்னிலை எத்தினை தரம் கால் படுமோ, எல்லாத்துக்கும் சேர்த்து இப்பவே ஒருக்காத் தொட்டுக் கும்பிடும். பிறகு கை என்ரை உடுப்பை விடக்கூடாது.”

பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இரண்டு கையாலும் அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அவரும் என்னைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். அவருடைய கால் மட்டும் என்னில் படாமலா இருக்கப் போகிறது?

மறுபடி படுத்தேன். இந்த முறை இரண்டு காலையும் அவர் இடுப்பில் வைத்தேன். கை விடவில்லை. என் கையைப் பிரிக்க அவர் முன்னால் சாய்ந்தார். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்! இத்தனை வருஷமும் நின்றபடி நான் தேடிப் பிடித்தது அதைத்தானே. ஆளின் பாரம் வருகிற பக்கமே இழுத்தேன், காலால் உயர்த்தினேன். மச்சாள் என் தலைக்கு மேலால் போய் முதுகு பட விழுந்தார். பிடியை விடாமல் நானும் கூடவே உருண்டு அவர் மேல் ஏறி இருந்தேன். கழுத்துப் பட்டியைக் குறுக்காகப் பிடித்து இறுக்கினேன். என் கையில் தட்டினார்.

விட்டேன். அவர் படுத்தபடியே இருமிவிட்டு, “முழங்கால் நோகுதோ?” என்று கேட்டார்.

அப்போதுதான் முழங்கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

“இல்லை, மச்சாள்,” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் விக்கி விக்கி அழுதேன்.

“அழும், வடிவா அழும். முதல் என்ரை வயித்திலையிருந்து இறங்கிப்போட்டு அழும்.”

இறங்கினேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு மல்லாக்கப் படுத்தேன்.

“வாங்கோ, மச்சாள். இன்னொருக்கா.”