கஞ்சி போட்ட சடை

எங்கள் வீட்டில் மகளுக்குச் சடை பின்னுவது அவள் அப்பா. இதைச் சொன்னால் என் கம்பெனியில் இரண்டு விதமாக முகம் காட்டுவார்கள். ஆண்கள் “ஐயோ பாவம்” என்பார்கள். யார் பாவம் என்று சொல்ல மாட்டார்கள். பெண்கள் “நீ கொடுத்து வெச்சவ” என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளுக்குள் எரியும்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். செவிலிமேட்டு முனைக்குக் கம்பெனி பஸ் வரும் நேரத்தில் எங்கள் தெருவில் பால்காரர்கூட எழுந்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். தறி எங்கள் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் சோபாவைத் தேடுவார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தறிக்குழிக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார்கள். ஆக, காலையில் வீட்டில் இருப்பவர் அவர்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் ஒரே மகளை எழுப்பி, குளிக்க வைத்து, இட்லியை வாயில் திணித்து ஆட்டோவில் ஏற்றுவது அவர் பாடு.

ஆரம்பத்தில் அவர் போட்ட சடையைச் சடை என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. ஒருநாள் ஆட்டோ வராமல் அவரே கொண்டுபோய் விட்டபோது, பள்ளிக்கூட வாசலிலேயே மிஸ் அவரைப் பிடித்து, “என்ன சார், பாப்பா தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டாளா?” என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தினால், ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். போனில் எவளோ ஒருத்தி மீன்முள் சடை போட்டுக் காட்டிக்கொண்டிருப்பாள்.

சிலர் கிரிக்கெட் பார்ப்பார்கள், சிலர் மீன் தொட்டி வைப்பார்கள், இவருக்குச் சடை. பட்டு இழையைப் பிரித்துப் பழகிய விரல், முடியை விடுமா? வகிடு நேராக வரவேண்டும் என்று ஒரு ஜரிகை இழையை நெற்றியிலிருந்து பிடரி வரை இழுத்துப் பிடித்து, அதன் ஓரமாகவே சீப்பைக் கொண்டுபோவார். சுங்கச் சாவடியைத் தாண்டிய சாலை மாதிரி அவ்வளவு நேராக இருக்கும். தெருவில் இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் ரிப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு “அங்கிள், எனக்கும்” என்று வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவரும் ஹேர்பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு, பெரிய வித்வான் தோரணையில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் அம்மாக்கள் என்னைப் பார்த்தால், “உங்க வூட்டுக்காரருக்குக் கைவேலை ரொம்ப சுத்தங்க” என்பார்கள். எனக்கு அப்படி ஒரு பெயர் எதற்கும் கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாக எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி பின்னியிருப்பேன். மகள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

“வுடும்மா. உனுக்கு வராது. அப்பா வரட்டும்.”

சும்மா ஒரு சொல்தான். அவள் அதைச் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. என் வயிற்றிலிருந்து வரும்போதே சுருட்டை முடியோடு வந்தவள். அந்தத் தலையில் எனக்கு இடம் இல்லையா? பொறாமைதான், வேறென்ன. கட்டின புருஷன் மேல், அதுவும் சடைக்காக.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி ஆண்டு விழா வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கும்மி நடனம். நீளச் சடை, குஞ்சலம், பூ எல்லாம் வேண்டும். நான் மேலதிகாரியிடம் மன்றாடி ஒருநாள் லீவு வாங்கினேன். வாங்கிவிட்டு வீட்டில் அறிவித்தேன்: “அன்னைக்கு நான்தான் தலை வாருவேன். யாரும் கிட்ட வரக்கூடாது.”

“தாராளமா வாரு. யாரு வேணாம்னா?” என்றார் அவர்.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தது. எண்ணெய் வைத்திருப்பார், தலையணை வீணாகாமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, மனதுக்குள் பாராட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் துண்டை அவிழ்த்தேன். முடி விழவில்லை. துண்டு எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் தலை மேல் நின்றது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுநொறு என்றது. தலையணையில் எறும்பு. சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். சீப்பின் இரண்டு பல் போயிற்று, மகள் வீறிட்டாள்.

“ஏம்பா! இன்னா பண்ண இவ தலையை?”

அவர் தறியை விட்டு எழுந்து வந்தார். முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை.

“கஞ்சி போட்டேன்.”

“எதுக்கு?”

“பாவுல இழை பறந்துக்கினு இருந்தா கஞ்சி போட்டாத்தானே படியும்? இவளுக்கு நெத்தி முடி பறந்துக்கினே இருக்குது. நீ வேற வாரப்போறேன்னு சொல்லிட்ட. உனுக்குச் சிக்கு விழாம சுளுவா இருக்கட்டும்னுதான்…”

பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள இழைகள். அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவிக் காயவைப்பார்கள். இழை முறுக்காக, வழவழப்பாக ஆகும். அந்த வைத்தியத்தை இவர் பெற்ற பிள்ளைக்குச் செய்திருக்கிறார். அதற்கான பெரிய பிரஷ் தலைக்கு ஆகாது என்று புத்தியாக யோசித்து, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய சின்ன பிரஷ்ஷைக் கழுவி எடுத்திருக்கிறார். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்கூட விட்டாராம்.

“அது பாவு இல்ல, பொண்ணு!” என்று கத்தினேன்.

அவர் மகளின் முடி நுனியை எடுத்து நெரித்துப் பார்த்தார். “தண்ணி இன்னும் ஊத்தியிருக்கணும். ஃபேன்ல காஞ்சதால மொடமொடன்னு ஆயிடுச்சு. வெயில்ல காயவெச்சிருந்தா…” என்றார். என் கண்ணைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

எனக்காகச் செய்திருக்கிறார். அதுதான் கொடுமை. எனக்காகச் செய்த ஆளை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மகளைக் குளியலறையில் முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் ஊற்ற ஊற்ற, கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. குளியலறை முழுக்கச் சோறு வடித்த வாசனை. அவள் தலையை என் மடியில் சாய்த்து, ஒவ்வொரு கொத்தாகப் பிரித்தேன். முதலில் அழுதாள். பிறகு அழுவதை மறந்து பேச ஆரம்பித்தாள். பக்கத்துப் பெஞ்சுப் பையன் சாக்பீஸ் தின்றது, மிஸ்ஸுக்குத் தும்மல் வந்தால் நிற்காது, ஆட்டோவில் நடு இடம் பிடிக்க என்ன தந்திரம் என்று எல்லாம். தினம் காலையில் இதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியிருந்தது சடை இல்லை, இந்தப் பேச்சு. அவசரமே இல்லாத மாதிரி மெதுவாகத்தான் பிரித்தேன்.

வெளியே ஹாலில் தெருப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து, தறிக்குப் பக்கத்திலேயே அவரிடம் சடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கதவைத் தட்டி, “டைம் ஆயிடுச்சு, நான் வேணா…” என்றார்.

“ஒரு அடி உள்ள வெச்சிப் பாரு” என்றேன்.

ஈரத்தோடுதான் பின்னினேன். வகிடு நெற்றியில் நேராகத்தான் கிளம்பியது. உச்சிக்குப் போனதும் அதற்கே சந்தேகம் வந்து இடது பக்கம் திரும்பிவிட்டது. சடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, குஞ்சலம் முதுகில் நிற்காமல் தோள்பக்கம் வந்துவந்து எட்டிப் பார்த்தது. மகள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குஞ்சலத்தைப் பிடித்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள். அது மறுபடியும் தோளுக்கே வந்தது.

பள்ளியில் மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் முதுகு எல்லாம் ஒரே அச்சு. நடுவில் எங்கள் பெண்ணுடையது மட்டும் கோணல். நான் ஊக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கேயாவது புதைந்துபோகலாம் என்றிருந்தது. நடனம் சொல்லிக்கொடுத்த மிஸ் வந்து சடையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னடி இது? உங்கப்பா ஊர்ல இல்லையா?”

“இருக்காரு மிஸ். எங்கம்மாதான் போட்டாங்க” என்றாள் மகள். பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தி, “எங்கம்மா இன்னைக்கு எனக்காக லீவு போட்டுட்டாங்க!” என்றாள். சொல்லிவிட்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, அவரைத் தேற்றுகிற தொனியில், “நாளைக்கு எங்கப்பா சரியா போட்டுடுவாரு மிஸ்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது. அவள் மேடைக்கு ஓடிவிட்டாள். பாட்டு ஆரம்பிப்பதற்குள் நான் போனை எடுத்து, அடுத்த மாதம் இன்னொரு நாள் லீவு வேண்டும், மகளுக்குத் தலை வார வேண்டும் என்று மேலதிகாரிக்கு மெசேஜ் அனுப்பினேன்.

“அதுக்குத்தான் உங்க வீட்ல சார் இருக்காரே மேடம்?” என்று பதில் வந்தது.

“அவருக்கு அன்னைக்கு லீவு சார்” என்று போட்டேன்.