மாலதி அவர்கள் கையெழுத்திடாத பசை

கொல்கத்தாவின் கரியாஹாட் முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மாலதி அவர்களின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. வேலை பாதியில் நிற்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழர், வேதியியலாளர். தைக்காமலே காயத்தை நொடிகளில் மூடும் செயற்கைப் பசையை எங்கள் நிறுவனத்தில் உருவாக்கிவந்தார்; நான் அவருடைய ஆய்வக உதவியாளன். டாக்டர் எட்டிப்பார்க்காத சுந்தரவனத் தீவுகளில் ஒரு நர்ஸே அதைப் போட்டுவிட முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

சோதனைக்கான ஆட்டுத்தோலைக் காளிகாட் கறிக்கடையில் அவரே வாங்குவார். "தோலை வெச்சு என்ன சமைக்கிறீங்க, தீதி?" என்று கடைக்காரர் வங்காளத்தில் அக்கா முறை சொல்லிச் சீண்டுவார். இவரும் அவரை அண்ணனாக்கித் திருப்புவார்: "ஒட்டுக்கறி, தாதா. தின்னா வாய் திறக்காது. உங்களுக்குத்தான் முதல் தட்டு."

ஆய்வகம் வந்ததும் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுவார். ஈரம் பட்டால் இறுகும் பசை அது. மழைக்காலப் புழுக்கத்தில் அவசரமாக இறுகி, தோலை மடக்கினால் விரிசல் விட்டது.

"ஏசியைப் போடுங்க மேடம், வெந்துடுவோம்" என்பேன்.

"அடிபட்டவன் ஏசி ரூமாப் பார்த்தாப்பா விழறான்? வேர்க்கட்டும்."

குளிர்ந்த அறையில் கிடைத்த முடிவுகளை மட்டும் அரசு அனுமதிக்கு அனுப்பச் சொன்னது நிர்வாகம். இவர் கையெழுத்திடவில்லை. "விரிசல் விடுற பசையை ஏழைங்க தோல்லதான் முதல்ல தடவுவீங்க" என்று மேலாளரின் முகத்துக்கு நேரே சொன்னார். உடனே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பசை இன்னொருவர் கையெழுத்தோடு மேலே போனது. இவரோ சாப்பாட்டு இடைவேளைகளில் வந்து, வளைந்துகொடுக்கும் பசைக்காக மறுபடி முயன்றார். "கொஞ்சம்தான் பாக்கி" என்பார். அந்தக் கொஞ்சத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

நேற்று அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். படத்துக்கு ரஜனிகந்தா எனும் சம்பங்கி மாலை. வரப்போகும் பசைக்கு 'மாலதி' என்றே பெயர் சூட்டப்போவதாக மேலாளர் தழுதழுத்தார். கைதட்டல் வேறு.

நான் எழுந்தேன். "அவங்க வேண்டாம்னு சொன்ன பசை இது. அவங்க பேரை இதுக்கு வைக்காதீங்க."

"உட்காருப்பா, இரங்கல் கூட்டத்துல சண்டையா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சட்டையை இழுத்தார். அதற்குள் முன்வரிசையில் மாலதி மேடத்தின் தம்பி எழுந்துவிட்டார். "குடும்பம் சம்மதிக்காது" என்றார். "சரி, பேர் வேண்டாம்" என்று முனகிவிட்டு மேலாளர் மைக்கை அணைத்தார். நாங்கள் இருவரும் நின்றபடியே இருந்தோம்.

சென்று வாருங்கள், மாலதி மேடம். அந்தப் பசைப் பெட்டியில் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் பெட்டி தீவுக்குப் போகும். அதைத் தடுக்கும் வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.